பறக்கும் காரும் இரண்டாம் வருகையும்: தவணை தப்பிய வாக்குறுதிக்குக் கணக்குக் கேட்பவர் யார்?

வினவுவோன்:

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமைப்பாகத் திரண்ட மதங்களை ஐயத்தோடு பார்ப்பவர்களில் பலர், தொழில்நுட்ப நிறுவனங்கள் மேடையேறிச் சொல்லும் வாக்குறுதிகளை அதே கண்ணால் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது. போதகர் ஒருவர் ‘இந்த ஆண்டுக்குள் நடக்கும்’ என்றால் உடனே ஆதாரம் கேட்கிறவர், பறக்கும் கார் மூன்றே ஆண்டுகளில் தெருவுக்கு வந்துவிடும் என்ற செய்தியை மறுபேச்சில்லாமல் நண்பர்களுக்கு அனுப்பி வைக்கிறார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் என்ன தெரியும் என்று பார்க்க, அமெரிக்க வரலாற்றிலிருந்து இருவரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் வில்லியம் மில்லர். நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் விவசாயம் செய்துவந்த பாப்டிஸ்ட் விசுவாசி. பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுவதற்கு முன் கழிய வேண்டும் என்று தானியேல் 8:14-இல் வரும் 2,300 இராப்பகல்களை 2,300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். அந்தத் தவணை கடந்தபின், அவருடைய இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். அறுவடைக்கு நின்ற பயிரை வயலிலேயே விட்டவர்களும் கடையை மூடியவர்களும் உண்டு. அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் அந்த நாளைப் ‘பெரும் ஏமாற்றம்’ என்று குறிக்கிறார்கள். (அவர்கள் வெள்ளை அங்கி அணிந்து குன்றுகளின்மீது காத்து நின்றார்கள் என்று பரவியிருக்கும் கதைக்கு நம்பத்தக்க சான்று கிடையாது. ஐயுறும் மரபைச் சேர்ந்தவர்கள் அதை இன்னும் எடுத்தாள்வது அந்த மரபுக்கே இழுக்கு.)

இரண்டாமவர் பால் மொல்லர். கனடாவில் பிறந்து, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பொறியாளர். 1960-களிலிருந்து செங்குத்தாக மேலெழும் ஊர்திகளைச் செய்து பார்த்தவர். அவருடைய எம்-200எக்ஸ், 1989-இல் உண்மையாகவே மனிதரைச் சுமந்து தரைக்கு மேலே மிதந்தது. அதன்பின் வந்த நான்கு இருக்கைகள் கொண்ட எம்-400 ‘ஸ்கைகார்’ மணிக்கு 350 மைலுக்கு மேல் பறக்கும் என்றும், சில ஆண்டுகளில் விற்பனைக்கு வரும் என்றும் அறிவிப்புகள் தொடர்ந்தன. ஒவ்வொரு தவணை முடிந்ததும் இன்னொரு தவணை வந்தது. முன்மாதிரி ஊர்தியோ, பாதுகாப்புக்காகப் பாரந்தூக்கியில் வடம் கட்டிய நிலையிலேயே மிதந்து காட்டியது. 2003-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தபோது, ஏறத்தாழ 40 ஆண்டு உழைப்பின் பயன் தரையிலிருந்து சுமார் 15 அடி மிதக்கக்கூடிய ஒரு முன்மாதிரிதான் என்று தன் மனுவில் எழுதியது.

தவணை தப்பியதில் இருவரும் ஒன்றே. தவணை தப்பியபின் என்ன நடந்தது என்பதில்தான் என் கேள்வி இருக்கிறது. 1844 அக்டோபர் 23-ஆம் நாள் காலை, போர்ட் கிப்சன் என்ற ஊரில் ஹைரம் எட்சன் என்னும் விசுவாசி ஒரு சோளக்கொல்லை வழியாக நடந்துபோகையில் அவருக்கு ஒரு தெளிவு பிறந்ததாகச் சொன்னார்: குறித்த நாள் சரிதான், ஆனால் சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது, எனவே நடக்க வேண்டியது அங்கே நடந்தேறிவிட்டது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டவர்களிடமிருந்துதான் 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைக்கப்பட்டது. மொல்லரால் தம் ஊர்தி பரலோகத்தில் பறந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. மதத்தையும் இயந்திரத்தையும் பிரிக்கும் கோடு இதுதானா, அல்லது வேறு இடத்தில் இருக்கிறதா?

காற்றியல்:

வானூர்தித் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், முதலில் இயந்திரத்தின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘பறக்கும் கார் என்பதே புளுகு’ என்று தள்ளுவது தவறு. மோல்ட்டன் டெய்லர் 1949-இல் செய்த ஏரோகார் பறந்தது, சாலையிலும் ஓடியது, 1956-இல் அரசு அங்கீகாரமும் பெற்றது. ஆனால் வாங்க ஆளில்லை. ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் க்ளைன் செய்த ஏர்கார், 2021 ஜூன் 28 அன்று நிட்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறக்கையை மடக்கிக்கொண்டு நகருக்குள் ஓடியது. 2022 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் அதற்குப் பறக்கும் தகுதிச் சான்று அளித்தது. இவை இரண்டுக்கும் ஓடுபாதை வேண்டும், ஓட்டுபவருக்கு விமானி உரிமம் வேண்டும்.

மொல்லர் சொன்னது வேறு வகை: ஓடுபாதையே வேண்டாம், வீட்டு வாசலிலிருந்து நேராக மேலே எழலாம் என்பது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஓரிடத்தில் மிதந்து நிற்க வேண்டுமானால், ஊர்தியின் எடைக்குச் சமமான விசையில் காற்றைக் கீழே தள்ள வேண்டும். பெரிய பரப்பில் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் குறைந்த திறன் போதும். சிறிய பரப்பில் கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் திறன் பல மடங்கு செலவாகும். ராபின்சன் ஆர்-44 ஹெலிகாப்டரின் முழுச்சுமை எடை ஏறத்தாழ 1,100 கிலோ. ஸ்கைகாருக்குச் சொல்லப்பட்ட எடையும் அதற்கு மிக அருகில்தான். ஆர்-44-இன் சுழலி 10 மீட்டர் விட்டம் கொண்டது. அது துடைக்கும் பரப்பு 79 சதுர மீட்டருக்கும் மேல். இழப்பே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் மிதப்பதற்கு 80 கிலோவாட் போதும். ஸ்கைகாரின் நான்கு குழல் விசிறிகளுக்கும் (குழலுக்குள் சுழலும் சிறு விசிறிகள்) சேர்த்து 2 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, குழலால் கிடைக்கும் ஆதாயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 360 கிலோவாட் வருகிறது. அதாவது நான்கரை மடங்கு. உண்மையான இழப்புகளைச் சேர்த்தால் இரண்டு எண்களும் உயரும்; இடைவெளி குறையாது.

இவ்வளவு திறனை எட்டு சுழல் எஞ்சின்களிலிருந்து, அதுவும் எடை மிகாமல், நம்பகமாகப் பெற வேண்டும் என்பதுதான் மொல்லரின் பந்தயம். எஞ்சின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் தன் சுழலியைக் காற்றிலேயே சுற்றவிட்டு இறங்கும். குட்டை விசிறிகளுக்கு அந்த வசதி இல்லை, எனவே அவர் பாரசூட்டை நம்பினார். தாழ்வான உயரத்தில் பாரசூட் விரிய இடமிருக்காது. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளையும் சொந்தப் பணத்தையும் அதிலேயே போட்டு, 2009-இல் திவால் மனுக் கொடுத்தவர் அவர். நம்பிக்கை உண்மையானதாக இருந்தாலும் கணக்குத் தப்பும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைக்காரி:

வினவுவோன் அவர்களே, தாங்கள் கேட்ட விதத்தில் காழ்ப்பு இல்லை என்பதால் பதில் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகச் சபையில் இருப்பது. ஞாயிறு ஆராதனையும் ஞாயிறு பள்ளியும் இல்லாத குழந்தைப் பருவம் எனக்குக் கிடையாது. அந்த இடத்திலிருந்து மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

மில்லரின் கதையைத் தாங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நாளைக் கணித்ததில் தாம் பிழை செய்ததை மில்லர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; எட்சனின் பரலோக விளக்கத்தை அவர் ஏற்கவுமில்லை. 1849-இல் இறக்கும்வரை இரண்டாம் வருகையை நம்பினார், ஆனால் இன்னொரு நாளைக் குறித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவில்லை. அட்வென்டிஸ்ட் சபையும் அமைப்பாகத் திரண்டபின் புதிதாக நாள் குறிக்கவில்லை. மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டியது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் 1905-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் இன்று பெரிய மருத்துவப் பல்கலைக்கழகம். ஓர் அமைப்பு சூடுபட்டுக் கற்றுக்கொண்டது என்றுகூட இதை வாசிக்கலாம்.

அடுத்தது, தவணை தப்பியவரை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு வேதாகமத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. ஒருவன் கர்த்தரின் நாமத்தினாலே சொன்ன காரியம் நடக்காமற்போனால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்பது உபாகமம் 18:22-இன் கருத்து. இதைவிடக் கறாரான சோதனையை எந்த முதலீட்டாளரும் தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, விசுவாசம் என்பது நாள் குறித்துச் சொல்லும் அறிவிப்புகளின் தொகுப்பு அன்று. துக்க வீட்டில் யார் முதலில் வந்து நிற்கிறார்கள், பிள்ளையின் படிப்புக்கு யார் ஈடு நிற்கிறார்கள் என்பதும் சபைதான். பறக்கும் காருக்கு அப்படிப்பட்ட வாழ்க்கை எதுவும் இல்லை. அது பறக்காவிட்டால் அதில் வேறொன்றும் மிஞ்சாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும்போது இந்த வேறுபாடு காணாமற்போகிறது.

ஈரோட்டான்:

சகோதரி சொல்லும் உபாகம வசனம் கறாரானதுதான், மறுக்கவில்லை. அந்த வசனத்தை எந்தச் சபை தன் போதகர்மீது நடைமுறையில் பயன்படுத்தியது என்பதே என் கேள்வி. சோதனை ஏட்டில் இருப்பதும், அதை நடத்தும் அதிகாரம் விசுவாசியின் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

1987 ஜனவரியில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த போதகர் ஓரல் ராபர்ட்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி, மார்ச் மாத முடிவுக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் ஆண்டவர் தம்மை எடுத்துக்கொள்வார் என்று சொன்னார். கேட்ட தொகைக்கு மேலேயே பணம் வந்து சேர்ந்தது. இங்கே தவணை யாருக்கு வைக்கப்பட்டது என்று பாருங்கள்: சொன்னவருக்கு அல்ல, கேட்டவர்களுக்கு. நடந்தால் அது தேவ மகிமை; நடக்காவிட்டால் குற்றவாளி காணிக்கை தராதவர். 2015-இல் அட்லாண்டாவுக்கு அருகில் பெரிய சபை நடத்தும் கிரெஃப்லோ டாலர் என்ற பெயருடைய போதகர், 6.5 கோடி டாலர் விலையுள்ள கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-650 விமானம் வாங்குவதற்காக இரண்டு லட்சம் பேர் தலா 300 டாலர் தர வேண்டும் என்று கேட்டார். கொடுப்பது விதை, பெறுவது அறுவடை என்ற இந்தச் செழிப்பு உபதேசத்தில் விளைச்சல் பொய்த்தால், விதைத்தவரின் விசுவாசம் போதவில்லை என்பதே தயாராக இருக்கும் பதில். மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் ஏழைக்கு அந்தப் பதில் இரண்டாவது அடி. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தில் அல்ல.

நாள் பொய்த்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருந்த சிகாகோ குழுவைப் பற்றி சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1956-இல் எழுதியது எல்லோரும் அறிந்ததே.

வினவுவோன்:

ஈரோட்டான் அவர்கள் கடைசியாகக் குறிப்பிட்ட ஆய்வை நான் வேண்டுமென்றே தொடக்கத்தில் தவிர்த்தேன். அந்தக் குழு மிகச் சிறியது. ஆய்வாளர்கள் அனுப்பிய பார்வையாளர்கள் விசுவாசிகளைப் போல நடித்து உள்ளே நுழைந்தார்கள். தங்களுக்குக் கனவும் தரிசனமும் வந்ததாகக் கட்டிச் சொன்ன கதைகள் குழுவின் நம்பிக்கைக்குத் தீனியாயின. இதை ஆய்வாளர்களே தங்கள் நூலில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தவர்களே நம்பிக்கையை ஊட்டி வளர்த்திருக்கும்போது, நம்பிக்கை தானாக இறுகியதா என்று எப்படிப் பிரித்தறிவது? நமக்கு இனிக்கும் முடிவு என்பதற்காக அந்த ஆய்வை மட்டும் சோதனையின்றி விட்டுவிடலாகாது. 1844-க்குப்பின் மில்லரைப் பின்பற்றியவர்களில் மிகப் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள் அல்லது ஒதுங்கிப் போனார்கள் என்பதும் ஃபெஸ்டிங்கரின் கூற்றுக்கு எளிதில் ஒத்துவராது.

ஓரல் ராபர்ட்ஸ் பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. தவணை தப்பிய வாக்குறுதிக்கு இரண்டு புகலிடங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ‘நிறைவேறிவிட்டது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை’ என்பது ஒன்று. எட்சன் சென்று சேர்ந்தது அங்கே. ‘நிறைவேறும், நீங்கள் போதுமான அளவு தரவில்லை’ என்பது மற்றொன்று. ராபர்ட்ஸும் மொல்லரும் ஒரே கூரையின்கீழ் வருவது இந்த இரண்டாம் புகலிடத்தில்தான். மொல்லரின் அறிவிப்புகளில் தொடர்ந்து வரும் நிபந்தனை, நிதி கிடைத்தால் இத்தனை ஆண்டுகளில் முடித்துவிடுவோம் என்பதே. நிதி எப்போதும் போதாது என்பதால் அந்தக் கூற்றை எவராலும் பொய்ப்பிக்க முடியாது. எனவே இயந்திரம் எப்போதும் சோதனைக்கு உட்பட்டது, மதம் எப்போதும் சோதனைக்கு அப்பாற்பட்டது என்ற பிரிவு அவ்வளவு தெளிவானதல்ல.

பேரேடு:

தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்த விவாதத்தில் விடுபட்டிருக்கும் ஒரு வேறுபாட்டை, ஆவணங்களின் பக்கத்திலிருந்து எடுத்துவைக்கிறேன்.

மொல்லரின் வாக்குறுதியைக் காலம் பொய்ப்பிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பொதுமக்களிடம் பங்கு விற்ற காரணத்தால் அவர் சட்டத்தின் எல்லைக்குள் வந்தார். பதிவு செய்யாமல் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஏறத்தாழ 51 லட்சம் டாலர் திரட்டியதாகவும், ஊர்தியின் எதிர்காலம் பற்றியும் பங்குகள் விரைவில் சந்தையில் பட்டியலாவது பற்றியும் தவறான தகவல் தந்ததாகவும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் வழக்கு சமரசமாக முடிந்தது. மொல்லர் 50,000 டாலர் அபராதம் செலுத்தினார். தண்டனை சிறியதே. ஆனால் வினவுவோன் மேற்கோள் காட்டிய அந்த ‘15 அடி’ என்ற எண் நமக்குக் கிடைத்திருப்பது, கேட்கும் அதிகாரம் உள்ள ஒரு வெளியார் கேட்டதனால்தான்.

இனி மறுபக்கம். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் படிவம் 990 என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வருவாய், செலவு, உயர்பொறுப்பில் இருப்பவர்களின் ஊதியம் எல்லாம் அதில் இருக்கும். எவரும் அதைப் பார்க்கலாம். தேவாலயங்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. ஒரே தெருவில் அனாதை இல்லம் நடத்தும் சங்கம் கணக்குக் காட்ட வேண்டும், பக்கத்திலுள்ள சபை காட்ட வேண்டியதில்லை. 2007 நவம்பரில் செனட்டர் சக் கிராஸ்லி, கிரெஃப்லோ டாலர் உட்பட ஆறு தொலைக்காட்சி ஊழியங்களுக்குக் கடிதம் எழுதி விமானம், வீடு, ஊதியம் பற்றிய விவரங்களைக் கேட்டார். இரண்டு ஊழியங்கள்தான் முழுமையாகத் தந்தன. 2011 ஜனவரியில் அந்த விசாரணை எவர்மீதும் நடவடிக்கை இன்றி முடிந்தது.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: 1979-இலேயே சில கிறிஸ்தவ அமைப்புகள் தாங்களாக ஒன்றுகூடி, தணிக்கை, சுதந்திரமான நிர்வாகக் குழு ஆகியவற்றை நிபந்தனையாக வைத்து ஒரு நிதிப் பொறுப்பு மன்றத்தை நிறுவின. உள்ளிருந்தே சீர்திருத்தம் கேட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அதில் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது. காட்ட மனமில்லாதவர் சேராமலே இருந்துகொள்வார்.

எனவே எது மதம், எது இயந்திரம் என்று கோடு போடுவதைவிட, தவணை தப்பும்போது கேட்க உரிமையுள்ள வெளியார் இருக்கிறாரா, கேட்டால் பதில் தரும் கடமை எழுத்தில் இருக்கிறதா என்று கோடு போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஈரோட்டான்:

பேரேடு ஐயா போட்ட கோட்டை ஏற்கிறேன். அப்படியானால் நம் நாட்டில் மதமும் பறக்கும் ஊர்தியும் ஒன்றாகவே கலந்து வந்த ஒரு வழக்கையும் அதே கோட்டில் வைத்துப் பார்ப்போம். 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த 102-ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கோள்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் இருந்தன என்று ஓர் உரை வாசிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற சமஸ்கிருத நூல். காற்றியல் அவர்கள் இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

காற்றியல்:

எழுதுகிறேன், ஏனெனில் ஐயுறுவோர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்னுதாரணம் இந்த வழக்கில் இருக்கிறது.

1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர்கள், எச்.எஸ்.முகுந்தா உள்ளிட்டோர், அந்த நூலை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகச் சோதித்தார்கள். ‘இது மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அவர்கள் போயிருக்கலாம். மாறாக, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள்: நூல் எப்போது தோன்றியது, அதில் சொல்லியுள்ள ஊர்தி பறக்குமா.

முதல் கேள்விக்காக மூலப்படிகளைத் தேடினார்கள், தொடர்புடையவர்களைச் சந்தித்தார்கள், செய்யுளின் மொழியையும் யாப்பையும் பார்த்தார்கள். ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி என்பவர், முனிவர் பரத்வாஜரிடமிருந்து உள்ளுணர்வால் பெற்றதாகச் சொல்லி, 1918-க்கும் 1923-க்கும் இடையில் வாய்மொழியாகச் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது அது என்பது தெரியவந்தது. மொழி வேதகால சமஸ்கிருதம் அன்று, பிற்கால நடை. நூல் 1904-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்போடு அது மைசூரில் வெளிவந்ததோ 1973-இல்தான்.

இரண்டாம் கேள்விக்காக ருக்ம, சுந்தர, திரிபுர, சகுன விமானங்களின் வரைபடங்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு, எடை, தூக்குவிசை, உந்துவிசை எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பறக்கும் தகுதி உடையதல்ல என்றும், சொல்லப்பட்ட உந்துமுறை சில இடங்களில் பறப்பதற்கு உதவுவதற்கு மாறாகத் தடையாகவே இருக்கும் என்றும் எழுதினார்கள். அந்த வரைபடங்களை வரைந்தவர் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு வரைவாளர். அதில் இருபதாம் நூற்றாண்டு இயந்திரச் சாயல் இருப்பதில் வியப்பில்லை.

மொல்லரின் ஊர்திக்கு நான் மேலே போட்ட கணக்கும் ருக்ம விமானத்துக்கு அவர்கள் போட்ட கணக்கும் அடிப்படையில் ஒரே இயற்பியல்தான். சொன்னவர் பேராசிரியரா முனிவரா என்று அந்தச் சமன்பாடு கேட்பதில்லை. இவ்வளவு தெளிவான ஆய்வு அச்சேறி 40 ஆண்டுகள் கழிந்தபின், அதே நூல் ஓர் அறிவியல் மாநாட்டின் மேடையிலேயே ஆதாரமாக வந்து நின்றது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. மாநாட்டில் உரைகளைத் தெரிவு செய்தவர்கள் ஒரு மணிநேரம் ஒதுக்கி 1974 ஆய்வைப் படித்திருந்தால் போதும். பேரேடு ஐயா சொன்ன ‘வெளியார்’ அங்கே ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார். பதிலைக் கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

பாளையங்கோட்டைக்காரி:

இந்த இரண்டு பதிவுகளையும் இருமுறை படித்தேன். துக்க வீடு, படிப்பு என்று நான் முன்பு எழுதியதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை உண்டு. அதே சமயம், சபை மனிதர்களுக்குச் செய்யும் நன்மை, சபையின் நிர்வாகிகளுக்குக் கேடயமாக ஆவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் முன்பு இருந்த ஓர் ஊரில், சபையின் கட்டிட நிதிக்காகப் பல ஆண்டுகள் தனிக்கவர் கொடுத்துக் காணிக்கை வாங்கினார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்; நகல் கையில் தரமாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, கட்டிட நிதியின் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டார். ‘தேவ காரியத்தில் சந்தேகம் வேண்டாம் அம்மா’ என்றொரு குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. உடனே பாட்டு எண் அறிவிக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்று பாடினோம். அந்த அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்தே இருந்தார். அவர் கேட்டது கடவுளைப் பற்றிய ஐயம் அல்ல, இரண்டு எண்கள். அதை ஐயமாக மாற்றியவர்கள்தான் விசுவாசத்துக்கு ஊறு செய்தவர்கள் என்பது என் எண்ணம்.

அதனால்தான் ஈரோட்டான் அவர்களின் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. உபாகம வசனத்தை நடைமுறையில் பயன்படுத்த விசுவாசிகளுக்கு அதிகாரம் வேண்டும். பேரேடு ஐயாவிடம் ஒரு விளக்கம் கேட்கிறேன்: நம் நாட்டிலும் சபைகளுக்கு அமெரிக்காவைப் போன்ற விலக்கு உண்டா?

வினவுவோன்:

பேரேடு ஐயா பதில் எழுதுவதற்குள், இன்றைய நிலையைப் பற்றிச் சில வரிகள். ஊபர் நிறுவனம் 2017-இல், 2020-க்குள் வான்டாக்சியைப் பறக்கவிட்டுக் காட்டுவோம், 2023-இல் கட்டணச் சேவை தொடங்குவோம் என்றது. 2020 டிசம்பரில் அந்தப் பிரிவையே ஜோபி நிறுவனத்திடம் கைமாற்றியது. வான்டாக்சி செய்யும் ஜெர்மன் நிறுவனமான வோலோகாப்டர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றுவோம் என்றது; உரிய சான்று கைக்கு வராததால், வெர்சாய் அரண்மனைப் பக்கம் ஒரு காட்சிப் பறப்போடு நின்றது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே திவால் மனுக் கொடுத்தது. 2021-இல் பங்குச் சந்தையில் பட்டியலான இன்னொரு ஜெர்மன் நிறுவனம் லிலியம், தன் ஜெட்டில் ஒரு மனிதரைக்கூட ஏற்றிப் பறக்கவிடாமலே 2024 அக்டோபரில் திவால் மனுவுக்கு வந்தது.

வோலோகாப்டர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக் என்ற பெரும் மேடை, அரசின் ஆதரவு, உலகப் பத்திரிகைகள் எல்லாம் காத்திருந்தபோதும், ஐரோப்பிய வான்பயணப் பாதுகாப்பு முகமை சோதனை முடியும்வரை சான்றில் கையெழுத்திடவில்லை. ஒரு பயணியும் ஆபத்துக்கு உள்ளாகவில்லை. நம் சென்னையில், ஐ.ஐ.டி. வளாகத்தில் கருக்கொண்ட ஈபிளேன் நிறுவனத்தின் வான்டாக்சி முயற்சியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மாணவர்களும் பேராசிரியர்களும் இரவுபகலாக உழைப்பது பெருமைக்குரியது. ஆனால் அந்த வகை ஊர்தி பறக்கத் தகுதியானது என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் தரும் வகைச் சான்று வரும்வரை நாளிதழ்ச் செய்தியை வைத்து நாள் எண்ண வேண்டாம்.

பேரேடு:

அம்மா, தங்கள் கேள்விக்கு. இல்லை, இங்கே அத்தகைய முழு விலக்கு கிடையாது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சபையாக இருந்தால், அது ஆண்டுதோறும் கணக்கைத் தயாரித்துப் பதிவாளரிடம் தாக்கல் செய்யக் கடமைப்பட்டது. அறக்கட்டளையாக இருந்து வருமான வரி விலக்குப் பெற்றிருந்தால், வருமானம் உரிய வரம்பைக் கடக்கும்போது பட்டயக் கணக்கரின் தணிக்கை அறிக்கை இன்றி அந்த விலக்குக் கிடைக்காது. அறநிலையத் துறையின்கீழ் வரும் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுத் தணிக்கையே உண்டு. கடமை எழுத்தில் இருக்கிறது; பெரும்பாலான இடங்களில் அதைக் கேட்டு வாங்கும் பழக்கந்தான் இல்லை.

அந்த ஆசிரியை கேட்டதைப் போலக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் பாட்டு எண்தான் அறிவிப்பார்கள். கூட்ட அறிவிப்பு வந்த உடனேயே செயலாளருக்கு எழுத்தில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ‘கணக்கைக் காட்டவும்’ என்று பொதுவாக எழுத வேண்டாம். சபை எந்தச் சட்டத்தின்கீழ், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு, தணிக்கையான கடைசி மூன்று ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பில் கட்டிட நிதி தனித் தலைப்பாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அந்த நிதி எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் இரண்டு மூன்று உறுப்பினர்கள் கூடவே கையெழுத்திட்டால், ஒருவரைத் தனிமைப்படுத்துவது கடினம். பதில் வராவிட்டால், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான கணக்கின் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கான கட்டணம் பெரிய தொகை அல்ல.